ஜூலிக்கு மூன்றாவது ஆர்.டி.

அன்புள்ள அருள்,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கித்தான் எனக்குப் பழக்கம். உன் வீட்டில் நலமில்லை என்று தெரிந்தே எழுதுவதால் இந்த முறை அதை விட்டுவிடுகிறேன். ஜூலிக்கு வலது கண்ணுக்குக் கீழே வீங்கியிருக்கிறது. ஜெனி உன்னோடு பேசுவதில்லை. நீ ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு எனக்குப் போன் போட்டாய். கடைவாய்ப் பல்லில் சீழ் வைத்திருக்கிறதாம், ஆறேழு பல்லைப் பிடுங்க வேண்டுமாம், மயக்க மருந்து கொடுப்பதற்கு முன்னால் ரத்தம், எக்ஸ்ரே, இதயம் எல்லாம் பார்க்க வேண்டுமாம், இருபதாயிரத்துக்குக் குறையாதாம் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டுக் கடைசியில் ஒன்று கேட்டாய். "பத்து வயசு நாய்க்கு இவ்ளோ செலவு தேவையாம்மா?" அது கேள்வி இல்லை, ஆள் சேர்ப்பு. நான் தேவையில்லை என்று சொல்வேன், அதை நீ ஜெனியிடம் 'அம்மாவே சொல்லிட்டாங்க' என்று கொண்டுபோய் வைப்பாய். உன்னைப் பெற்றவளுக்கு இதுகூடத் தெரியாதா? குக்கர் விசில் அடிக்கிறது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அன்றைக்கு நான் குக்கரே வைக்கவில்லை.

போனிலேயே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் இரண்டு வாக்கியம் பேசுவதற்குள் நீ 'சரிம்மா, சரிம்மா' என்று ஆரம்பித்துவிடுவாய். அதற்கு 'சீக்கிரம் முடி' என்று அர்த்தம். கடிதத்திடம் யாரும் சரிம்மா சொல்ல முடியாது. தபாலாபீஸ் கவுண்டரில் உட்கார்ந்து ஆயுசு முழுக்க ஊரார் கடிதத்துக்கு முத்திரை குத்தியவள் நான். எனக்கென்று ஒரு நீளமான கடிதம் எழுத ரிட்டயர் ஆன பிறகுதான் நேரம் கிடைத்திருக்கிறது. சனிக்கிழமை காலை டாக்டர் நேரம் கொடுத்திருக்கிறார் என்பதும், நீ இன்னும் 'பார்க்கலாம்' என்று சொல்லிக்கொண்டிருக்கிறாய் என்பதும் எனக்குத் தெரியும். ஜெனி சொல்லவில்லை. யார் சொன்னது என்று பிறகு சொல்கிறேன். சனிக்கிழமைக்குள் நீ இதைப் படித்தாக வேண்டும்.

முதலில் உன் நிச்சயதார்த்தத்தைக் கொஞ்சம் ஞாபகப்படுத்திக்கொள். கடலூரிலிருந்து வேன் வைத்துக்கொண்டு சிதம்பரத்துக்குப் போனோம். உன் அப்பா வேனில் ஏறியதிலிருந்து ஒரே பாட்டு. "நாங்க ஒண்ணுமே வாங்கல. பொண்ணு மட்டும் போதும்னு சொல்லிட்டேன்." சொந்தக்காரர்களிடம் சொன்னார். அவர்கள் தூங்கிப்போனதும் புதுச்சத்திரம் தாண்டி டிரைவரிடம் சொன்னார். வரதட்சணை வாங்காதது நல்ல காரியம், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் செம்மங்குப்பத்துக் கம்பெனியில் இருபத்தைந்து வருஷம் ஷிப்டு பார்த்த மனிதர், அங்கே பேசாமல் விட்ட பேச்சை எல்லாம் சேர்த்து வைத்து அன்றைக்குச் செலவழித்தார். அந்தப் பெருமைதான் நம் வீட்டுக்கு ஜூலியையும் அவள் ஆஸ்பத்திரிச் செலவையும் கொண்டுவந்து சேர்த்தது.

பெண் வீட்டுத் தட்டு ஒன்பது. பூ, பழம், வெற்றிலை, இனிப்பு என்று எட்டுத் தட்டு ஒழுங்காக வந்தது. ஒன்பதாவது தட்டில் ஒரு சீப்பு, ஒரு சிவப்புக் கழுத்துப்பட்டை, தடுப்பூசி அட்டை, பக்கத்தில் பழுப்பு நிறத்தில் ஒரு கவர். கூட வந்தவர்கள் எல்லாரும் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். ஜெனி தன் நாயோடுதான் வருவாள் என்பது நமக்கு முன்பே தெரியும். அது செலவுக் காசோடு வரும் என்பது தெரியாது. உன் மாமனார் காட்டுமன்னார்கோயில் ரைஸ் மில்லில் கணக்கு எழுதுகிறவர். தினமும் டவுன் பஸ்ஸில் போய் வந்தாலும் சட்டை கசங்காத மனிதர். அவர் எழுந்து நின்று, குரலை உயர்த்தாமல் உன் அப்பாவிடம் சொன்னார்.

"தப்பா எடுத்துக்காதீங்க சம்பந்தி. இது பொண்ணுக்கு இல்ல. ஜூலி ஆஸ்பத்திரி செலவுக்குன்னு மாசாமாசம் எடுத்து வச்சது. அவ கூடவே வரட்டும்."

உன் அப்பா கவரை எடுத்தார், கண்ணில் ஒற்றிக்கொண்டார், திரும்ப அதே தட்டில் வைத்தார். "ஜூலிக்கும் வாங்க மாட்டோம் சம்பந்தி. இனிமே அவ எங்க வூட்டுப் புள்ள" என்றார். உன் பெரியப்பா கை தட்டினார். அவர் தட்டியதால் மற்றவர்களும் தட்டினார்கள். உடனே உனக்கும் ஆவேசம் வந்துவிட்டது. யாரும் உன்னைக் கேட்கவில்லை. நீயாக எழுந்து, சபை நடுவில் சொன்னாய். "அவ செலவு எல்லாத்தையும் நான் பாத்துக்குறேன் மாமா." அப்போது ஜெனி உன்னைப் பார்த்த பார்வை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அதற்கப்புறம் அவளுக்கு எத்தனையோ வாங்கிக் கொடுத்திருக்கிறாய், எதற்கும் அவள் அப்படிப் பார்க்கவில்லை.

பந்தியில் நான் சம்பந்தி பக்கத்தில் போய் நின்று, இந்த நாய் எத்தனை வருஷம் இருக்கும் என்று மெதுவாகக் கேட்டேன். நாட்டு நாய் மாதிரி ஏழெட்டு வருஷம் என்று சொல்வார், ஏற்கெனவே ஐந்து முடியப்போகிறது என்று என் மனசுக்குள் ஒரு கணக்கு. அவர் சாம்பார் ஊற்றிக்கொண்டே, சின்ன சாதி நாய், நல்லபடியாகப் பார்த்துக்கொண்டால் பதினைந்து வருஷம் தாராளமாக இருக்கும் என்றார். எனக்கு வாழ்க்கையே ஆர்.டி. கணக்குத்தான் என்பது உனக்குத் தெரியும். மாதாமாதம் கொஞ்சம் கட்டி, ஐந்து வருஷம் கழித்து மொத்தமாக எடுப்பது. உன் கான்வென்ட் ஒரு ஆர்.டி., உன் காலேஜ் ஒரு ஆர்.டி., மாடி ரூம் ஒரு ஆர்.டி. அதனால் பதினைந்து வருஷம் என்றதும் என் வாயில் தானாக வந்த வார்த்தை 'மூன்று ஆர்.டி.' சம்பந்தி சிரிக்கவில்லை. முதல் ஆர்.டி.யை நான் முடித்துவிட்டேன், இனி இரண்டுதான் என்று அவ்வளவு பொறுப்பாகச் சொன்னார். மனிதர் என் இனம் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

அவர் முடித்தேன் என்று சொன்னதன் மதிப்பு எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. குட்டியாக இருந்தபோது போட வேண்டிய தடுப்பூசி ஒன்று விடாமல் போட்டிருந்தார். கருத்தடை ஆபரேஷனும் நேரத்தில் செய்துவிட்டார். அதைச் செய்யாமல் விட்ட பெண் நாய்களுக்கு வயதான பிறகு கர்ப்பப்பையில் சீழ் வைத்து உயிருக்கே ஆபத்து வரும் என்று நம்மூர் டாக்டர் சொன்னபோது, நான் மனசுக்குள் சம்பந்திக்கு ஒரு கும்பிடு போட்டேன். நாய் வளர்ப்பதில் முதல் ஐந்து வருஷச் செலவு கண்ணுக்குத் தெரிகிற செலவு. அட்டை இருக்கும், தேதி இருக்கும், டாக்டரே போன் பண்ணிக் கூப்பிடுவார். அதைச் செய்ய ஒழுங்கு இருந்தால் போதும்.

கல்யாணம் முடிந்த அடுத்த மாதமே நான் ஜூலிக்காக இரண்டாவது ஆர்.டி.யைத் தொடங்கினேன், மாதம் ஐந்நூறு. நாய் பெயரில் தொடங்க முடியாது, அதனால் என் பெயரில். பக்கத்து சீட்டு எமல்டா கேட்டாள், என்ன மேடம், மருமகள் வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் புது ஆர்.டி.யா என்று. நான் நாய்க்கு என்று சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு சும்மா சிரித்துவைத்தேன். நம்மூரில் மருமகள் வந்த சூட்டோடு மாமியார் ஆர்.டி. போட்டால் அதற்கு ஒரே காரணம்தான். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் எல்லாரும் ஜெனியைப் பார்த்து ஒரு மாதிரி சிரித்தார்கள். அந்த வாரம் தெருக்காரர்கள் கூடி ஜெபிக்கும் அன்பியக் கூட்டத்தில் வரப்போகிற குழந்தைக்காக ஒரு மன்றாட்டே வைத்துவிட்டார்கள். ஒருத்தி ஒரு கூடை மாங்காய் கொண்டுவந்தாள். நான் உண்மையைச் சொல்லப் போனேன், ஜெனி என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டாள். "மாங்கா தீரட்டும் அத்தை, அப்புறம் சொல்லிக்கலாம்." அன்றைக்குத்தான் எனக்கு இந்தப் பெண்ணை ரொம்பப் பிடித்துப்போனது. கடைசியில் ஜூலி கணக்கில் போய்ச் சேர்ந்த அந்த மன்றாட்டு வீண்போகவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

உன் அப்பாவுக்கு மட்டும் நாய்க்குச் செலவு செய்வது என்பது புரியவே இல்லை. எங்கள் வூட்டுப் பிள்ளை என்று சபையில் சொன்னவர், தடுப்பூசிக்கு நேரம் வந்ததும் பிரைவேட் டாக்டர் எல்லாம் எதற்கு, கவர்மென்ட் மாட்டாஸ்பத்திரி எதற்கு இருக்கிறது என்றார். அது சரியான பேச்சுத்தான், வெறிநாய் ஊசிக்கு நானும் அங்கேதான் போகச் சொல்வேன். ஜூலியை என் ஒயர் கூடையில் வைத்து எடுத்துக்கொண்டு போனார். அங்கே வரிசையில் இரண்டு பசு, ஒரு கன்று, ஒரு ஆட்டு மந்தை, நடுவில் இவர். கூடையிலிருந்து ஒரு வெள்ளைத் தலை எட்டிப் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, பசு பிடித்திருந்த ஆள் ரொம்ப மரியாதையாகக் கேட்டிருக்கிறார். "இது ஒரு வேளைக்கு எவ்ளோங்க கறக்கும்?" உன் அப்பா வீட்டுக்கு வந்ததும் கூடையைப் பரணில் தூக்கிப் போட்டார். ஆனால் அடுத்த வருஷமும் அவர்தான் கொண்டுபோனார். அந்தப் பசுக்காரரும் வந்திருந்தாராம், இரண்டு பேரும் டீ குடித்தார்களாம். எது மாட்டாஸ்பத்திரியில் முடியும், எதற்குப் பிரைவேட் வேண்டும் என்று தெரிந்துவைத்துக்கொண்டால் வருஷத்துக்கு ஒரு நல்ல தொகை மிச்சமாகும். நீயும் கூடை எடுத்துக்கொண்டு போக வெட்கப்படாதே.

ஆனால் மிச்சம் பிடிக்கப் போய் நாங்கள் பட்ட பாடும் உண்டு. ஒரு மழைக்காலத்தில் ஜூலி மேல் உண்ணி ஏறிவிட்டது. டாக்டர் எழுதிக்கொடுத்த சொட்டு மருந்து ஒரு சின்னக் குப்பி, விலையைக் கேட்டதும் உன் அப்பாவுக்கு உண்ணி கடித்தது மாதிரி ஆகிவிட்டது. மாடு வைத்திருக்கும் அந்தப் புது நண்பரிடம் போய் மாட்டு உண்ணி மருந்தை வாங்கி வந்தார். "இதே மருந்துதான், பாட்டில்தான் பெருசு. பத்து நாய்க்கு வரும்" என்றார். நம்மிடம் இருந்தது ஒரு நாய். அளவு தெரியாமல் தேய்த்துவிட்டார். சாயங்காலத்துக்குள் ஜூலி வாயில் நுரை தள்ளி, கால் பின்னி விழுந்தாள். நீயும் ஜெனியும் வேலைக்குப் போயிருந்தீர்கள். நாங்கள் இரண்டு பேரும் ஆட்டோவில் பிரைவேட் டாக்டரிடம் ஓடினோம். சோப்புப் போட்டுக் குளிப்பாட்டி, இரண்டு நாள் டிரிப்ஸ் ஏற்றிப் பிழைக்கவைத்தார்கள். பில்லைப் பார்த்தால், அந்தக் காசுக்கு அந்தச் சின்னக் குப்பி பத்து வாங்கியிருக்கலாம். பத்து நாய்க்கு வரும் என்று அவர் சொன்ன கணக்கு அப்படித்தான் சரியாக வந்தது. ஆனால் ஆட்டோவில் உன் அப்பா அவளை மடியில் வைத்துக்கொண்டு அழுததை நான் பார்த்தேன். அவர் அப்பா செத்தபோதுகூட நான் அதைப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் அந்தப் பெரிய பாட்டிலைத் திரும்பக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, மிச்சத்துக்கு அரை லிட்டர் பால் வாங்கிக்கொண்டு வந்தார்.

அதிலிருந்து இரண்டு பேருக்கும் ஒட்டிக்கொண்டது. பிஸ்கட் என்றால் அவருக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று. பஜ்ஜி என்றால் மாவை அவர் தின்று வாழைக்காயை அவளுக்கு. ஒரு வருஷத்தில் ஜூலி தலையணை மாதிரி ஆகிவிட்டாள். டாக்டர், எடை இப்படியே போனால் மூட்டும் இதயமும் சீக்கிரம் போய்விடும், தினமும் நடக்கவையுங்கள் என்றார். அதே வாரம் மனித டாக்டர் உன் அப்பாவிடம் வார்த்தை மாறாமல் அதையே சொன்னார். இரண்டு பேரும் காலையில் சில்வர் பீச்சுக்குக் கிளம்பினார்கள். மூன்றே மாதத்தில் உன் அப்பாவுக்குச் சர்க்கரை மாத்திரையைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள். நான் அந்த மிச்சத்தை ஜூலி பக்கம் வரவு வைத்தேன். நாய்க்குச் செலவு என்று பேசுகிறவர்கள் யாரும் இந்த வரவை எழுதுவதில்லை.

நடு ஐந்து வருஷம் ஆளை ஏமாற்றும், அருள். ஒன்றுமே நடக்காது. குரைக்கும், தின்னும், தூங்கும். இதற்கா மாதாமாதம் எடுத்து வைக்க வேண்டும் என்று தோன்றும். அப்படித்தான் நானும் ஏமாந்தேன். ஒருமுறை டாக்டர் ஜூலி வாயைத் திறந்து பார்த்துவிட்டு, சின்ன நாய்களுக்குப் பல்லுதான் எதிரி, தினமும் பிரஷ் பண்ணுங்கள் என்றார். நீ, நான், அப்பா மூன்று பேரும் வீடு வரைக்கும் சிரித்துக்கொண்டு வந்தோம். ஜெனி மட்டும் சிரிக்காமல் குழந்தை பிரஷ் ஒன்றும், நாய்க்கென்று விற்கும் பேஸ்டும் வாங்கி வந்தாள். ஒரு வாரம் தேய்த்தாள். அப்புறம் அவளுக்கு வேலை ஜாஸ்தியாகிவிட்டது, நம்மிடம் கொடுத்தாள். உன் அப்பா தேய்க்கப் போனார், ஜூலி பேஸ்டை நக்கிவிட்டு பிரஷ்ஷைக் கடித்துத் துப்பினாள். இதோடு முடிந்தது என்று நாம் எல்லாரும் நிம்மதியாக விட்டுவிட்டோம். வாய் நாறியபோது, நாய் வாய் வேறு எப்படி இருக்கும் என்று நீதான் சொன்னாய். நானும் தலையாட்டினேன். முப்பது ரூபாய் பிரஷ் இன்னொன்று வாங்காமல் விட்டோம், இப்போது இருபதாயிரம் கேட்கிறது. அதனால் இந்த பில் வானத்திலிருந்து விழவில்லை, நாம் நால்வரும், ஜெனியை விட்டால் மூவரும், சேர்ந்து வளர்த்தது.

இனி வருவது கடைசி ஐந்து வருஷம். செலவெல்லாம் இங்கேதான் காத்திருக்கிறது. பல் முடிந்தால் இருமல் வரும், அது இதயம் என்பார்கள், தினமும் மாத்திரை. சிறுநீரகத்துக்கு ரத்தப் பரிசோதனை. கண்ணில் பூ விழும். என் பேச்சைக் கேள், சம்பளம் வந்த அன்றைக்கே ஜூலி பங்கை எடுத்துத் தனியாகப் போட்டுவிடு. மாதக் கடைசியில் மிஞ்சியதைப் போடலாம் என்றால் எந்த மாதமும் மிஞ்சாது. வருஷா வருஷம் வருகிற ஊசி, உண்ணி மருந்து, பூச்சி மருந்து இதிலேயே போய்விடும். மிச்சத்தைத் தொடாதே, அது திடீரென்று வருகிறதற்கு. டாக்டர் ஒரு தொகை சொன்னால், எது இப்போதே செய்ய வேண்டியது, எது அடுத்த மாதம் செய்யலாம் என்று கேள், தப்பாக நினைக்க மாட்டார். இது பெரிய வித்தை இல்லை. உன் கையில் இருக்கிற போனுக்கு மாதத் தவணை கட்டுகிறாய், அது ஜூலியின் பாதி வயதுகூட இருக்கப்போவதில்லை, நீ வீட்டுக்கு வந்தால் அது வாலும் ஆட்டாது.

பணம் இல்லை என்று நீ சொல்லியிருந்தால் நான் இந்தக் கடிதத்தையே எழுதியிருக்க மாட்டேன், எடுத்துக் கொடுத்திருப்பேன். நீ அதைச் சொல்லவில்லை. பத்து வயசு நாய்க்கா என்று கேட்டாய். அந்தக் கேள்விதான் எனக்கு உறுத்துகிறது. எனக்கு அறுபத்திரண்டு நடக்கிறது. உன் அப்பாவுக்கு முழங்கால் ஆபரேஷன் வேண்டும் என்று இப்போதே பேச்சு அடிபடுகிறது. நாங்கள் உன்னை ஜூலியை வைத்து எடை போடவில்லை. ஆனால் காதில் விழுந்ததை விழவில்லை என்று எப்படிச் சொல்வது?

யார் சொன்னது என்று பிறகு சொல்கிறேன் என்றேன் அல்லவா, செவ்வாய்க்கிழமை சம்பந்தி போன் செய்தார். நீங்கள் ஜூலியைக் காட்டிய டாக்டர், அவள் குட்டியாக இருந்தபோது அவர் காட்டிய அதே டாக்டர்தானாம். வழியில் பார்த்தபோது, உங்கள் ஜூலிக்குப் பல் ஆபரேஷன், மருமகன் யோசிக்கிறார் என்று சொல்லியிருக்கிறார். சம்பந்தி உன்னைப் பற்றி ஒரு வார்த்தை குறையாகச் சொல்லவில்லை. காட்டுமன்னார்கோயில் பஸ்ஸுக்காக நின்றுகொண்டே, மெதுவாக, ஏதோ விசேஷத்துக்கு அழைப்பதுபோல் சொன்னார்.

"சம்பந்தியம்மா, அந்தக் கவரு இன்னும் அப்படியேதான் இருக்கு. புள்ளைங்களுக்குத் தெரியாம நான் கட்டிடவா?"

அருள், உன் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். போன் ஸ்பீக்கரில் இருந்தது. அவர் பேப்பரை மடித்து வைத்தார். ஐந்து வருஷத்துக்கு முன்னால் கைதட்டல் வாங்கிய மனிதரின் முகம் எப்படி ஆகும் என்று நீ பார்க்கவில்லை, நான் பார்த்தேன். நான் சம்பந்தியிடம், சனிக்கிழமை வரைக்கும் பொறுங்கள், எங்கள் பிள்ளை கட்டிவிடுவான் என்று சொன்னேன். இப்போது நானும் ஒரு வாக்குக் கொடுத்துவிட்டேன். அதனால் விஷயம் இதுதான்: சனிக்கிழமை காலை நீ கட்டாவிட்டால் அந்தக் கவர் கட்டும். ஜூலிக்கு எப்படியும் ஆபரேஷன் நடந்துவிடும், அவளுக்குக் கவலையில்லை. ஆனால் ஒன்பதாவது தட்டு திரும்ப நம் முன்னால் வந்து நிற்கும். ஜெனி உன்னை அன்றைக்குப் பார்த்தாளே, அந்தப் பார்வையும் அந்தக் கவரோடு திரும்பிப் போய்விடும். அதற்கு எந்த டாக்டரிடமும் வைத்தியம் கிடையாது.

என்னுடைய அந்த இரண்டாவது ஆர்.டி. இந்த மாதம்தான் முடிந்தது. வட்டியோடு முப்பத்தைந்தாயிரம் சொச்சம் வந்தது. அதை உனக்குக் கொடுக்க மாட்டேன். கஞ்சத்தனம் என்று நினைத்தால் நினைத்துக்கொள். அந்தக் கவருக்கும் இந்தப் பணத்துக்கும் வித்தியாசம் இல்லை, இரண்டும் நீ பார்த்துக்குறேன் என்று சொன்னதற்கு வேறு யாரோ கட்டுவது. இதயம், சிறுநீரகம் என்று வரும்போது நீ தடுமாறினால் அப்போது எடுக்கலாம் என்று டெபாசிட்டில் போட்டுவிட்டேன். நாமினி இடத்தில் உன் பெயர் இல்லை, ஜெனி பெயர் இருக்கிறது. எமல்டா கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. மாங்காய்க் கூடைக்கப்புறம் அவள் என்னைக் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டாள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இதில் தமாஷ் இல்லை. போன வருஷம் நீங்கள் சிதம்பரத்துக்கு மாறிப் போனபோது உன்னைப் பிரிவதற்கு நான் தயாராக இருந்தேன். பிள்ளைகள் போவார்கள் என்று தெரியும். ஜூலியைப் பிரிவதற்குத் தயாராக இல்லை. ரிட்டயர் ஆன முதல் மாதம், எங்கே போவது என்று தெரியாமல் நான் காலையில் புடவை கட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தபோது, என் காலடியில் வந்து உட்கார்ந்தது அவள்தான். உன் அப்பா இன்னும் பிஸ்கட்டை இரண்டாக உடைத்து ஒரு பாதியைக் கீழே நீட்டுகிறார், அப்புறம் ஞாபகம் வந்து தானே தின்கிறார். சர்க்கரை மாத்திரை பழையபடி முழுசாகிவிட்டது. எனக்கு அவள் இன்னும் ஐந்து வருஷம் இருக்க வேண்டும். காரணம் கேட்காதே.

முத்திரை குத்தியே காலம் தள்ளியவள் ஸ்டாம்ப் ஒட்டாமல் அனுப்பும் முதல் கடிதம் இது. செவ்வாய்க்கிழமை பேப்பரை மடித்து வைத்தவர் புதன்கிழமை பரணிலிருந்து என் ஒயர் கூடையை இறக்கித் துடைத்தார். வெள்ளிக்கிழமை சாயங்கால பஸ்ஸில் கிளம்புகிறேன் என்றார். எதற்கு என்று கேட்டேன், சும்மா, பையனைப் பார்த்து ரொம்ப நாளாகிறது என்றார். நானும் நம்பிவிட்டேன் என்று சொல்லி, இந்தக் கடிதத்தை அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். நீ இதைப் படித்துக்கொண்டிருக்கும்போது அவர் உன் ஹாலில்தான் இருப்பார். நாற்காலியில் இருக்க மாட்டார், தரையில் இருப்பார், முழங்கால் வலியைப் பற்றி மூச்சுவிட மாட்டார். அவருக்குச் சர்க்கரை போடாமல் காபி கொடு. இன்று இரவுக்கு மேல் ஜூலிக்குத் தின்ன ஒன்றும் கொடுக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருப்பார், அதனால் உன் அப்பாவின் சட்டைப் பையில் இருக்கும் பிஸ்கட்டை வாங்கி வைத்துவிடு. காலையில் மூன்று பேரும் போங்கள். பணத்தை நீ கட்டு, நாயை அவர் பிடித்துக்கொள்வார். ஜெனி உங்கள் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருக்கட்டும்.

நேற்று தபாலாபீஸில் மூன்றாவது ஆர்.டி.க்கு முதல் தவணை கட்டிவிட்டேன். ஜூலியிடம் சொல்லி வை. ஐந்து வருஷம் முடிவதற்குள் நடுவில் முறித்தால் வட்டி போய்விடும்.

அன்புடன்,
அம்மா